யுகி, யூகி

காலை நாலு ஐம்பதுக்கு விசுவமடுச் சந்தியில்
கார்மென்ற் பஸ் ஹோர்ன் அடிக்கும்.
ஒருக்காத்தான் அடிக்கும்.

கடைசிக்கு முதல் சீற்றில் யன்னலோரம் நான்.
எனக்கு இடப்பக்கம் டிலக்சனா.
என் இடது காது
ஒன்பது வயதோடு நின்றுபோனது.
ஏனென்று இந்த பஸ்ஸில் ஒருத்தரும் கேட்கமாட்டினம்.
கதைக்க வேணுமென்றால் அவள் முழங்கையில் தட்டுவாள்.

அதனால் இயர்போனின் இடது குமிழ் அவளுக்கு,
வலது எனக்கு.
அந்த யப்பான் பாட்டை எவன் பதிந்தானோ,
குரலை வலதிலும் கிற்றாரை இடதிலும்
காணி பிரித்த மாதிரிப் பிரித்து வைத்திருந்தான்.
தருமபுரம் தாண்டும்வரை
எனக்குச் சொல், அவளுக்குத் தந்தி.
நான் கேட்டதைச் சொல்லச் சொல்ல
அவள் கொப்பியில் எழுதுவாள்,
ரோட்டுக் குழிகளில் விழுந்தெழும்பும் எழுத்தில்.

ஞாயிறு வகுப்பில்
ஆயிரத்தைந்நூறு சொல் பாடமாக்கச் சொன்னார்கள்.
ஆறு நாள் மெஷின் மிதித்த தலையில்
அட்டைச் சொல் ஒட்டவில்லை.
பாட்டு ஒட்டியது.
ஒரு கொலருக்கு ஒரு வரி,
நூல் அறுந்தால் அந்த வரி திரும்பவும்.
சுப்பவைசர் நினைத்திருப்பா
நான் கணக்கு முணுமுணுக்கிறேன் என்று.

யுகி என்றால் வெண்பனி.
யூகி என்றால் துணிவு.
குறிலும் நெடிலும் எங்களுக்கென்ன புதிதா,
அரிவரியில் அடிவாங்கிப் படித்ததுதானே.
ஆனால் பாடுகிறவன் பிடிவாதக்காரன்.
பனி வருகிற இடத்தில் மூச்சை இழுத்து
ஐந்தாறு மாத்திரை நீட்டிவிட்டான்.
டிலக்சனா எழுதினாள்:
வானத்தில் இருந்து துணிவு விழுகிறது,
உன் தோளில் படிகிறது.
பிழையென்று தெரிய மூன்று கிழமை ஆனது.
தெரிந்த பிறகும் அவள் அழிக்கவில்லை.

அந்த மொழியிலும் வினை கடைசியில்தான்.
வந்தானா வரவில்லையா என்று அறிய
முழு வசனத்தையும் கேட்டுக்கொண்டிருக்க வேணும்.
டிலக்சனாவின் அம்மா
கந்தசாமி கோயிலடிக் கொட்டகையில்
மடியில் படத்தோடு
ஒரே வசனத்தின் வினைக்காக இருக்கிறா.
இதை வகுப்பில் உதாரணமாகச் சொல்ல முடியாது.
நான் சொல்லவுமில்லை.

நேர்முகம் சூமில் நடந்தது.
முதியோர் இல்லத்து நிர்வாகி அம்மாளைப் பார்த்து
இவள் 'கிமி' என்றுவிட்டாள்.
நீ, நீர், நீங்கள் என்று
எங்களிட்ட மூன்று படி இருக்கு.
பாட்டுக்காரன் எப்பவும் கீழ்ப்படியில் குந்திக்கொண்டுதான் பாடுவான்,
காதலிக்கிறவனுக்கு மரியாதை எதுக்கு.
மொழிபெயர்க்கிற பெடியன் தண்ணி குடித்தான்.
அம்மாள் வாயைப் பொத்திச் சிரித்து
ஏதோ சொன்னா:
இங்கே எண்பது வயதுக்காரரை
அப்படிக் கூப்பிட்டுப் பன வருசமாம்.
வேலை கிடைத்தது.

எனக்குக் கேட்டல் சோதனையில் போய்விட்டது.
இரண்டு பேர் கதைக்கிற கேள்வி.
ஒருவர் என் செத்த பக்கத்தில் நின்று கேட்டார்,
மற்றவர் பதில் சொன்னார்.
நாற்பது நிமிசம் பதில்களை மட்டும் கேட்டேன்.
'இல்லை, இரண்டாம் மாடியில்.'
'ஓம், மழை வந்தால் மட்டும்.'

தையில் அவள் போனாள்.
முதல் குரல்பதிவில் பேச்சில்லை.
சப்பாத்து எதையோ நொறுக்குகிற சத்தம்,
உப்பளத்தில் நடக்கிறாளோ என்று நினைத்தேன்.
கடைசியில் ஒரு சொல்:
யுகி.
ஒரே மாத்திரை, நறுக்கென்று.

பரந்தனில் போன் கடைப் பெடியன் துவாரகனிடம்
சார்ஜர் வாங்கப் போனபோது
காதுக் கதையைச் சொன்னேன், ஏன் சொன்னேனோ.
என் போனை வாங்கி
உள்ளே உள்ளே போய் ஒன்றைத் தட்டினான்.
'இனி ரெண்டு பக்கமும் ஒரு பக்கத்தில வரும் அக்கா.'
காசு எடுக்கவில்லை.

பஸ்ஸில் பாட்டைப் போட்டேன்.
குரல் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டது.
அதற்குப் பின்னால்,
முரசுமோட்டை வயல் முழுக்க,
கிற்றார்.
இவ்வளவு நாளும் இவள் கேட்டுக்கொண்டு வந்தது
இதையா.

சொல் ஒன்றும் பிடிபடவில்லை இன்றைக்கு.
சோதனைக்குப் பத்தொன்பது நாள் இருக்கு.
திரும்பவும் போட்டேன்.